கம்பெனி என்றால் எந்தக் கம்பெனி?

தஞ்சாவூர்ப் பக்கம் சம்பா அறுப்பு முடிந்ததும், "சேர்ந்து நெல் விற்போம், கம்பெனியிலே பங்கு எடுங்க"ன்னு யாராவது வந்தால், உடனே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

கம்பெனி, நிறுவனம், கூட்டு என்று எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் பேசுகிறோம். லத்தீன் மூலத்தில் கம்பெனி என்றால் ரொட்டியைப் பகிர்ந்து உண்பவர்கள். நம்ம ஊரில் ஒரே பானைச் சோறு. நாம் சொல்லும் பங்காளியும் அப்படித்தான், வரப்புத் தகராறு வரும்வரை!

ஆனால் சட்டம் பிரித்துப் பார்க்கிறது. 1932-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கூட்டு வியாபாரத்தின் முழுக் கடனுக்கும் ஒவ்வொரு கூட்டாளியும் பொறுப்பு. அவர் வியாபாரத்துக்கு வாங்கிய கடனுக்கு உங்கள் நிலம் ஏலத்துக்கு வரலாம். 'லிமிடெட்' என்றால் பங்குக்குக் கட்டிய, கட்டவேண்டிய பணத்தோடு சரி. தனியாக ஜாமீன் கையெழுத்துப் போட்டால் கதை வேறு.

2003 முதல் நமக்கென்றே உற்பத்தியாளர் கம்பெனி இருக்கிறது. பத்து விவசாயிகள் சேர்ந்தால் தொடங்கலாம், குத்தகைதாரரும் சேரலாம். அங்கத்தினர் அனைவரும் தனி ஆட்களாக இருந்தால், நூறு பங்கு வைத்தவருக்கும் ஒரே ஓட்டுதான்; கூட்டுறவுச் சங்கம் மாதிரி.

ரசீதில் பெயரின் கடைசியில் 'புரொட்யூசர் கம்பெனி லிமிடெட்' என்று இருக்கிறதா, பாருங்கள். வெறும் 'அண்ட் கோ' என்றிருந்தால் பத்திரத்தைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.