பொன்னிற அரிசியும் பிள்ளைகளின் கண்பார்வையும்

"பொன்னிற அரிசி உடம்புக்குக் கூடுமா, டொக்டர்? இங்கே எங்கே வாங்கலாம்?" என்று அன்பர்கள் சிலர் கேட்கின்றனர். நம் கடைகளில் அது கிடையாது. மஞ்சள் போட்டு அவித்த சோறும் அது அன்று.

நெற்பயிரின் இலையில் பீற்றா கரோற்றின் உண்டு. நாம் உண்ணும் வெள்ளை மணியில் இல்லை. புழுங்கல் அரிசி பி1 விற்றமினைக் காக்கும், ஆனால் ஏ விற்றமின் அதிலும் கிடையாது. ஆகவே சோற்றையே நம்பி வளரும் ஏழைப் பிள்ளைக்கு முதலில் மாலைக்கண் வரும். பின்பு கண் வறண்டு, கருவிழிப்படலம் கரைந்து, பார்வை மீளாமற் போகும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், ஆண்டுதோறும் இவ்வாறு பார்வை இழந்த பிள்ளைகள் 2,50,000 முதல் 5,00,000 வரை. அவர்களிற் பாதிப்பேர் ஓராண்டுக்குள் இறந்தனர். சின்னமுத்தையும் வயிற்றோட்டத்தையும் எதிர்க்கும் வலு அவ்வுடம்பில் இராது.

சூரிச்சில் இங்கோ பொட்ரிக்குஸும் ஜேர்மனியில் பீற்றர் பையரும் டஃபடில் மலரின் மரபணுவையும் ஒரு பக்டீரியாவின் மரபணுவையும் நெல்லிற் சேர்த்து, 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். அந்த அரிசியில் கிராமுக்கு 1.6 மைக்குரோகிராம் கரோற்றினே இருந்தது; எதிர்த்தவர்கள் நகைத்ததில் வியப்பில்லை. 2005இல் டஃபடிலுக்குப் பதிலாகச் சோளத்தின் மரபணுவை இட்டபோது அது 37 வரை உயர்ந்தது. வயலில் அவ்வளவு விளைவதில்லை. சேமித்து வைத்தால் இன்னும் குறையும். எனினும் 2009இல் அமெரிக்காவில் ஐந்து பெரியவர்களிடம் சோதித்தபோது, ஏறத்தாழ நான்கு பங்கு கரோற்றினிலிருந்து ஒரு பங்கு ஏ விற்றமின் கிடைத்தது. கீரையிலிருந்து இவ்வளவு இலகுவாகக் கிடைப்பதில்லை.

சீனப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வோ, பெற்றோரின் சம்மதத்தை முறையாகப் பெற்றதற்குச் சான்று காட்ட முடியாமையால் 2015இல் மீளப்பெறப்பட்டது. எதிரிகளின் பிரசாரத்தைவிட இதுவே அரிசிக்குக் கூடிய கேடு செய்தது என்பது என் எண்ணம். பிலிப்பைன்ஸ் 2021இல் பயிரிட அனுமதித்தது. 2024 ஏப்ரலில் அங்குள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம் தடுத்துவிட்டது.

நம் வீடுகளில் முருங்கையிலை வறையும் பப்பாளிப்பழமும் போதும். வறைக்குத் தேங்காய்ப்பூ சேர்க்கத் தயங்க வேண்டாம்; கொழுப்பின்றிக் கரோற்றின் உடம்பிற் சேராது. கரோற்றினை உடம்பு தேவைக்கேற்பவே ஏ விற்றமினாக மாற்றும். மாத்திரையில் வரும் ஏ விற்றமின் அப்படியன்று. அளவு மீறினால் கருவிலுள்ள சிசுவுக்கு ஊனம் விளைவிக்கும். கர்ப்பிணிகள் அதை வைத்தியரிடம் கேட்காமல் எடுக்க வேண்டாம்.