டிரைவர் சீட் காலி!

பொம்மையார்பாளையம் ஈ.சி.ஆர். ஓரத்து டீக்கடையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் செல்போனில் ஒரு பேய்ப்படம் ஓடியது.

நாற்பது விநாடிதான். இடது பக்கத்து டிரைவர் சீட் காலி. ஸ்டியரிங் தானாகச் சுற்றுகிறது. இண்டிகேட்டர் தானாக விழுகிறது. பின் சீட்டில் என் ஒன்றுவிட்ட தம்பி பல்லைக் காட்டிக்கொண்டு கையாட்டுகிறான். சான்ஃபிரான்சிஸ்கோவில் 'வேமோ' டாக்ஸியில் ஆபீஸ் போகிறானாம்!

என் அக்கா வீட்டுக்காரர் அதை மூன்று முறை பார்த்தார். இருபத்திரண்டு வருஷமாக இந்தச் சாலையில் டூரிஸ்ட் கார் ஓட்டுகிறவர். ஆரோவில்லுக்கு வருகிற வெள்ளைக்காரர்களை சென்னை ஏர்போர்ட்டிலிருந்து கூட்டி வருவது, திரும்பக் கொண்டு போய் விடுவது... இதுதான் தொழில். டீயை உறிஞ்சிவிட்டு நிதானமாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"அது சரி மச்சான், ஹாரன் யாரு அடிப்பாங்க?"

சிரிக்காதீர்கள். 2024 ஆகஸ்டில் அமெரிக்காவிலேயே இந்தக் கேள்வி பெரிய பிரச்னையாகிவிட்டது. சான்ஃபிரான்சிஸ்கோவில் வேமோ கார்கள் ராத்திரி ஒதுங்கி நிற்க ஒரு பார்க்கிங் இடம். விடியற்காலை நாலு மணிக்கு ஒரு கார் ரிவர்ஸ் எடுக்கும். பக்கத்துக் கார், 'ஐயோ, என் மேல் இடிக்க வருகிறான்' என்று ஹாரன் அடிக்கும். அதைக் கேட்டு இன்னொன்று அடிக்கும். உள்ளே ஓர் ஆள்கூடக் கிடையாது. ஆனால் சண்டை மட்டும் கோயம்பேடு ரேஞ்சுக்கு! மேல் மாடிக்காரர்கள் தூக்கம் போய்ப் புகார் செய்ய, கம்பெனி சாஃப்ட்வேரைத் திருத்தி வாயை அடைத்தது.

மாமாவுக்குப் பரம திருப்தி. "நம்மாளுங்க மாதிரிதான் இருக்கு" என்றார். அப்புறம் டாஷ்போர்டைத் திறந்து ஒரு ஃபாரத்தை எடுத்து நீட்டினார். வங்கிக் கடன் விண்ணப்பம். இரண்டாவதாக ஒரு கார் எடுத்து, ஐ.டி.ஐ. முடித்துவிட்டுச் சும்மா இருக்கிற பையனை ஓட்டவைக்கப் போகிறாராம்.

"அஞ்சு வருஷக் கடன். நடுவுல இந்த ஆளில்லாத வண்டி வந்துடுச்சுன்னா? நீ பி.காம். படிச்சவன். கணக்குப் போட்டுச் சொல்லு."

கடைசிப் பக்கத்தில் 'ஜாமீன்தாரர்' என்ற இடத்தில் பென்சிலால் ஒரு பெயர் எழுதியிருந்தது. என் பெயர்!

அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு இந்த விஷயத்தில் ஏற்பட்ட அக்கறை இருக்கிறதே... வேமோ கம்பெனி டைரக்டர்களுக்குக்கூட இருக்காது.

ஒரு வாரம் துருவியதில் தெரிந்தது. 2004-ல் அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சிப் பிரிவு மொஹாவி பாலைவனத்தில் ஆளில்லாத வண்டிகளுக்கு ஒரு பந்தயம் வைத்தது. தூரம் சுமார் 240 கிலோமீட்டர். அதிகபட்சமாக ஓடிய வண்டி 12 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. எல்லாம் வழியிலேயே படுத்துவிட்டன. மறு வருஷமே ஐந்து வண்டிகள் கோட்டைத் தொட்டன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வண்டிக்கு 20 லட்சம் டாலர் பரிசு. 2009-ல் கூகுள் இதைக் கையில் எடுத்தது. 2016-ல் அதற்கு 'வேமோ' என்று பெயர். 2020 அக்டோபரில் ஃபீனிக்ஸ் நகரத்தில் யார் வேண்டுமானாலும் கூப்பிட்டு ஏறலாம், உள்ளே டிரைவர் கிடையாது என்றாகிவிட்டது. பிறகு சான்ஃபிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலிஸ், ஆஸ்டின், அட்லாண்டா. வேமோவின் தாய்க் கம்பெனிக்குத் தலைவர் யார் தெரியுமோ? மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. மாமா கோபப்படுவதானால் நம்ம ஊர்க்காரர் மேல்தான் கோபப்பட வேண்டும்!

காரின் தலையில் கும்பா கவிழ்த்த மாதிரி ஒன்று சுற்றுகிறதே, அது லேசர். நாலு பக்கமும் ஒளியை வீசி, திரும்பி வருகிற நேரத்தை வைத்து எதிரே இருப்பது எவ்வளவு தூரம் என்று கணக்கிடும். ஃபீனிக்ஸ் தெருக்களில் பலரும் பார்த்த ஜாகுவார் வண்டிகளில் 29 கேமரா, 5 லேசர், 6 ரேடார். தெருவின் மேப் முன்கூட்டியே அங்குலம் அங்குலமாக உள்ளே ஏற்றப்பட்டிருக்கும். அப்படியும் வண்டி திகைத்து நின்றுவிட்டால், எங்கோ உட்கார்ந்திருக்கும் ஓர் ஊழியரிடம், 'இது என்ன, நான் என்ன செய்ய?' என்று யோசனை கேட்கும். பயணி இறங்கும்போது கதவைச் சரியாகச் சாத்தாமல் போய்விட்டால் கதை முடிந்தது. ஓர் ஆள் வந்து சாத்துகிறவரை வண்டி நகராது. இதற்கென்றே காசு கொடுத்து ஆள் அனுப்புகிறார்கள். 29 கண் இருந்து என்ன, ஒரு கை இல்லையே!

சிரிப்பு வராத சமாசாரங்களும் உண்டு. 2018 மார்ச்சில் அரிசோனா மாநிலத்தில், ஊபர் சோதித்துக்கொண்டிருந்த கார், ராத்திரி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மணியை மோதிக் கொன்றது. ஐந்து விநாடிக்கு மேல் முன்னாலேயே கருவி அவரைப் பார்த்துவிட்டது. ஆனால் 'வண்டியா? வேறு பொருளா? சைக்கிளா?' என்று மாற்றி மாற்றிக் குழம்பியிருக்கிறது. கண்காணிக்க சீட்டில் உட்கார்ந்திருந்தவர் செல்போனில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

2023 அக்டோபரில் 'குரூஸ்' கம்பெனி கார். வேறொரு கார் இடித்துத் தள்ளிய பெண், இதன் முன்னால் வந்து விழுந்தார். மோதி நின்றது. நின்றதோடு விட்டிருக்கலாம். 'விபத்து என்றால் ஓரம் கட்ட வேண்டும்' என்ற பாடம் ஞாபகம் வந்து, அடியில் மனுஷி இருப்பது தெரியாமல் சுமார் ஆறு மீட்டர் இழுத்துக்கொண்டு போனது. அந்த மாதமே கலிஃபோர்னியாவில் லைசென்ஸ் நிறுத்தம். 2024 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் அந்த டாக்ஸித் தொழிலையே மூட்டை கட்டியது.

இதையெல்லாம் சொன்னதும் மாமா துள்ளுவார் என்று எதிர்பார்த்தேன். துள்ளவில்லை. கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது தூங்காதில்ல?" என்றார்.

"தூங்காது மாமா."

"குடிக்காது."

"குடிக்காது."

அப்புறம் மெதுவாகச் சொன்னார். அக்காவுக்குக்கூடத் தெரியாத விஷயம். நாலைந்து வருஷத்துக்கு முன்னால், ராத்திரி ரெண்டு மணிக்கு ஏர்போர்ட்டில் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வருகிறார். அதற்கு முந்தின ராத்திரியும் டூட்டி. மரக்காணம் உப்பளம் தாண்டியது ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம், இடது பக்கத்துச் சக்கரம் மண்ணில் இறங்கிக் கடகடவென்று ஆடுவது. பிரேக் போட்டு நிறுத்திவிட்டார். பின் சீட்டில் ஒரு கைக்குழந்தை, அம்மா மடியில். யாருமே விழிக்கவில்லை. இறங்கி முகத்தைக் கழுவிக்கொண்டு, அரை மணி நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாராம்.

"அவங்க எறங்கும்போது நூறு ரூபா சேத்துக் குடுத்தாங்க மச்சான். நல்லா ஓட்டினேன்னு."

இதற்கு நான் என்ன பதில் சொல்ல? 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. அத்தனையும் டிரைவர் சீட்டில் ஆள் உட்கார்ந்திருந்த வண்டிகள்தான். காயம்படும் விபத்து தங்கள் வண்டிகளில் மனிதர்களைவிடக் குறைவு என்று வேமோ கணக்குக் காட்டுகிறது. தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளும் கணக்கு என்றாலும், சுத்தமாகத் தள்ளிவிட முடியவில்லை.

அப்படியானால் வந்துவிடுமா? மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2017-லேயே முடியாது என்று சொல்லிவிட்டார். 2023 டிசம்பரில் நாக்பூரில் மறுபடியும் சொன்னார்: 70, 80 லட்சம் டிரைவர்களின் பிழைப்பு போய்விடும், அனுமதிக்க மாட்டேன் என்று. டெல்லி மெட்ரோவில் 2020 டிசம்பரிலிருந்து டிரைவர் இல்லாமல் ரயில் ஓடுகிறதே என்பீர்கள். தண்டவாளத்தில் ஆடு வராது, சார்.

எங்கள் ஈ.சி.ஆரில் வரும். ஆடு வரும், மீன் கூடை வரும், பாண்டிச்சேரியில் ஸ்கூட்டரை வாடகைக்கு எடுத்து வாழ்க்கையில் முதல்முறையாக ஓட்டிப் பார்க்கிற பெங்களூர்க்காரர்கள் எதிர்த் திசையில் வருவார்கள். ஒரு கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினால் 'நீ போ' என்று அர்த்தம். அதே கையை அதே மாதிரி தூக்கினால் 'நில்லு' என்றும் அர்த்தம். எதுவென்று மாமாவுக்குத் தெரியும். 2024 டிசம்பர் ஆரம்பத்தில், ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டி, அரசூர் பக்கம் தேசிய நெடுஞ்சாலையிலேயே வெள்ளம் ஓடியபோது, எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் என்று டிரைவர்கள் ஒருவருக்கொருவர் போன் போட்டுத்தான் வண்டி எடுத்தார்கள். மேப்பில் அன்றைக்குச் சாலை இருந்தது. தரையில் இல்லை.

ஆனால் என்னை நம்ப வைத்தது ஆடும் இல்லை, அமைச்சரும் இல்லை. காஸ்ட் அக்கவுண்ட்டிங். (மூன்றாவது வருஷம் அரியர் வைத்துத்தான் பாஸ் பண்ணினேன் என்றாலும்!) அமெரிக்காவில் டாக்ஸி கட்டணத்தில் பெரிய பங்கு டிரைவருக்குப் போகிறது. அவரை எடுத்துவிட்டால் லேசர், கேமரா, கம்ப்யூட்டர் என்று பல லட்ச ரூபாய் கருவியை மாட்டினாலும் என்றாவது கட்டுப்படியாகும். இங்கே? மாமா மாதிரி ஓர் ஆளின் ஒரு மாதச் சம்பளத்துக்கு அந்த லேசரைத் துடைக்கிற துணிகூடக் கிடைக்குமா தெரியாது. நம்ம டிரைவர் பிழைத்துக் கிடப்பது, அவருக்கு நாம் கொடுக்கிற காசு குறைவு என்பதால்! இதை மாமாவிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன்.

"அப்ப சம்பளம் ஒசந்தா மிஷின் வந்துடும்ங்கற?"

"அப்படித்தான் தோணுது மாமா."

"நல்லா இருக்குடா உன் பி.காம்!"

கடன் கணக்கையும் போட்டேன். ஏழு லட்சம், பத்து சதவிகித வட்டி, 60 மாதம் என்றால் மாதத் தவணை 14,873 ரூபாய். 48 மாதம் என்றால் 17,750 சொச்சம். மாதம் மூவாயிரம் ரூபாய் கூடக் கடித்தாலும் ஒரு வருஷம் முன்னாடியே கழுத்து விடுபடும். மிஷின் வருகிறதோ இல்லையோ, டீசல் விலையும் ஆப் கம்பெனிகளின் கமிஷனும் வந்துகொண்டேதான் இருக்கின்றன. நாற்பத்தெட்டு என்றால் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன்.

அதுவரை வீடியோவையே பார்த்துக்கொண்டிருந்த அக்கா பையன் வாயைத் திறந்தான். (அவனுக்கு நான் மாமா, எனக்கு அவன் அப்பா மாமா. குழம்பாதீர்கள்.)

"மாமா, இந்த வண்டியில கேமரா கெட்டுப் போச்சுன்னா யாரு ரிப்பேர் பண்ணுவாங்க? அதுக்கு எங்க படிக்கணும்?"

டீக்கடையில் ஒரு விநாடி யாரும் பேசவில்லை. அப்பன்காரர் மகனை ஒரு பார்வை பார்த்தார். கோபமா, சந்தோஷமா என்று 29 கேமரா வைத்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

அதற்குள் போன் அடித்தது. ராத்திரி ஏர்போர்ட் டிரிப். விடியற்காலை மூணு மணி ஃப்ளைட்.

"டேய், நீயும் கிளம்பு" என்றார் மகனிடம். "முன் சீட்டுல உக்காரு. மரக்காணம் தாண்டுற வரைக்கும் பேசிக்கிட்டே வரணும்."

ஃபாரத்தை டாஷ்போர்டில் திணித்துவிட்டு, தூங்கலாம் என்று வீட்டைப் பார்த்து வண்டியை எடுத்தார். குறுக்கே ஓர் ஆடு. ஹாரன் அடித்தார். ஆடு நகரவில்லை.