நெல்வயலில் இரு நெற்சப்பிகள்

நெற்பயிரின் நடுவே நெல்லைப் போன்றே தோன்றும் புற்களைக் கமக்காரர் பெரும்பாலும் நெற்சப்பி என்னும் ஒரே பெயரால் வழங்குவர். ஆயினும் இவற்றுள் நெருங்கிய உறவுடைய இரு இனங்கள் உள. தாவரவியலார் ஒன்றை எக்கினோகுளோவா குருசுகல்லி என்றும், மற்றதை எக்கினோகுளோவா கொலோனா என்றும் அழைப்பர். இங்கு அவை முறையே பெரிய நெற்சப்பி, சிறிய நெற்சப்பி எனப்படும். ஒன்றை அடக்கும் முறை மற்றதற்குப் போதாது.

இளம் பருவத்தில் இரண்டையும் நெல்லிலிருந்து பிரித்தறிதலே முதல் வேலை. இலையும் இலைமடலும் கூடுமிடத்தைப் பார்த்தல் வேண்டும். நெல்லில் அவ்விடத்தில் மெல்லிய வெண்சவ்வும், மயிருடைய இரு சிறு காதுகளும் காணப்படும். நெற்சப்பிகளில் இவை இல்லை.

பெரிய நெற்சப்பி ஏறத்தாழ 5 அடி வரை நிமிர்ந்து வளரும். அதன் கதிர்க்கிளைகள் நீண்டு மீண்டும் கிளைக்கும். மணிகளிற் பெரும்பாலும் கூர் இருக்கும். சிறிய நெற்சப்பி அதனினும் குட்டையானது. அதன் கதிர்க்கிளைகள் ஓரங்குல அளவின. கூரற்ற சிறு மணிகள் அவற்றில் ஒழுங்கான வரிசைகளாக அமையும். சிலவற்றின் இலைகளில் ஊதா நிறப் பட்டைகள் குறுக்கே தோன்றும். இந்தியாவிற் பயிரிடப்படும் குதிரைவாலித் தானியம் இச்சிறிய இனத்தின் வழிவந்ததே.

முக்கிய வேறுபாடு நீரைப் பற்றியது. சிறிய நெற்சப்பி ஈரமான மேட்டு நிலத்தையே விரும்பும். மிளகாய், வெங்காயப் பாத்திகளிலும் மலியும். வயலை நன்கு மட்டப்படுத்தி, பயிர் தாங்குமளவுக்கு நீரைத் தேக்கினால் அதன் முளைப்பு பெரிதும் குன்றும். பெரிய நெற்சப்பியின் வித்தோ காற்றில்லாச் சேற்றிலும் முளைக்கவல்லது. ஆழமற்ற நீரை ஊடுருவி அது மேலெழும். ஆகவே நீரை மட்டும் நம்பியிருத்தல் தகாது.

மருந்தை மட்டும் நம்புதலும் அத்தகையதே. புரப்பனில் என்னும் களைநாசினியை நெல் தன்னுள் சிதைத்துவிடும். நெற்சப்பி அவ்வாறு செய்ய இயலாது மடியும். எனினும் அதனைத் தாங்கி வாழும் பெரிய நெற்சப்பி இலங்கையிலேயே தோன்றியமை 2002ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றிற் கூறப்பட்டுள்ளது. ஒரே மருந்தை ஆண்டுதோறும் தெளிப்பின், தப்பிய செடிகளின் வித்தே வயலை நிரப்பும்.

நெல் அறுவடைக்கு முன்னரே நெற்சப்பியின் மணிகள் உதிரத் தொடங்கும். எனவே கதிர் வெளிவருமுன் பிடுங்குதல் வேண்டும். பிடுங்கிய சிறிய நெற்சப்பியை ஈர வரம்பில் இடலாகாது. அதன் தண்டு கணுக்களில் மீண்டும் வேர்விடும்.