அறையில் படுத்துக் கிடக்கவா அந்தமான் போறீங்க? படகில் ஏறும் முன் தலையை எண்ணுங்க!

சென்னையில் விமானம் ஏறினால் 2 மணி நேரத்துக்குச் சற்று மேல். கப்பல் என்றால் கிட்டத்தட்ட 3 நாள். இறங்கினால் அந்தமான்!

அங்கே போய் நம்ம ஆட்கள் என்ன செய்கிறார்கள்? குளுகுளு அறை. நீச்சல் குளம். மூன்று வேளை மூக்கு முட்டச் சாப்பாடு. ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பி விடுகிறார்கள்.

"இதுக்கு மகாபலிபுரமே போதுமே!" என்று வீட்டுக்காரம்மா முணுமுணுத்தால் அதில் தப்பே இல்லை.

ஓட்டல் வாசலைத் தாண்டினால்தான் அந்தமான். பார்க்க வேண்டியதில் பாதிக்குப் பெரிய செலவும் கிடையாது. ஆனால் உஷாராக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. அதையும் சேர்த்தே சொல்கிறோம்.

கோழி கூவும்போதே கிளம்புங்க

முதலில் ஒரு விஷயம். அங்கேயும் நம்ம கடிகாரம்தான். ஆனால் தீவு வெகு கிழக்கே இருப்பதால் காலை 5 மணிக்கே வெளிச்சம் வந்து விடும். குளிர்காலத்தில் சாயங்காலம் 5 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்து விடும். 9 மணி வரை தூங்கினால் பாதி நாள் காலி!

தலைநகர் போர்ட் பிளேர். 2024-ல் இதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். பாஷைப் பிரச்சினை இல்லை. கடைத்தெருவில் தமிழ் காதில் விழும். முருகன் கோவிலும் உண்டு.

முதல் நாள் ஜெயிலுக்குப் போங்க. ஆம், செல்லுலார் ஜெயில்! 1896-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடித்தார்கள். 693 தனி அறைகள். ஒரு கைதி முகத்தை இன்னொரு கைதி பார்க்க முடியாதபடி வெள்ளைக்காரன் கட்டியது. செக்கில் மாட்டுக்குப் பதில் மனிதனைப் பூட்டி எண்ணெய் ஆட்டினார்கள். 7 பக்கமாக நீண்டிருந்த கட்டிடத்தில் இன்று மிச்சம் 3 பக்கம்தான். ராத்திரி ஒலி-ஒளி காட்சி உண்டு. பிள்ளைகளை அவசியம் கூட்டிப் போங்க.

சாத்தம் மர அறுவை ஆலை 1883-ல் தொடங்கியது. அந்தத் தீவுக்குப் பாலத்திலேயே போகலாம். உலகப் போரில் குண்டு விழுந்த பள்ளத்தையும் பார்க்கலாம்.

எதிரே ராஸ் தீவு. இப்போது நேதாஜி பெயர். துரைமார்கள் ஆட்டம் போட்ட இடம்! மாதா கோவில், பங்களாக்களின் இடிந்த சுவர்களை மரத்தின் வேர்கள் மலைப்பாம்பு மாதிரி சுற்றிப் பிடித்திருக்கின்றன. புள்ளி மான்கள் பக்கத்திலேயே மேயும்.

21 பேர் ஜலசமாதி

இங்கேதான் கொஞ்சம் நில்லுங்க.

2014-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி. குடியரசு தின விடுமுறை. போர்ட் பிளேர் அருகே உல்லாசப் படகு ஒன்று கவிழ்ந்தது. 21 பேர் பரிதாபமாக உயிர் இழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் காஞ்சீபுரம் பக்கத்தில் இருந்து கூட்டமாகச் சுற்றுலா போன நம்ம ஊர்க்காரர்கள்! அளவுக்கு மேல் ஆள் ஏற்றினார்கள் என்பதே பெரிய குற்றச்சாட்டு.

ஆகவே படகில் கால் வைக்கும் முன் கேளுங்க. எத்தனை பேருக்கு அனுமதி? ஏறியிருப்பது எத்தனை? ஆளுக்கு ஒரு லைப் ஜாக்கெட் உண்டா? குழந்தைக்கு அதன் அளவில் உண்டா? ஜாக்கெட்டை மடியில் வைத்துக் கொண்டால் பிரயோஜனம் இல்லை. மாட்டி, இறுக்கிக் கட்ட வேண்டும். கூட்டம் அதிகம் என்றால் இறங்கி விடுங்க. கட்டிய பணம் போனால் போகட்டும்!

நீச்சல் தெரியாதா?

கவலை வேண்டாம். வண்டூரில் இருந்து கடல் தேசியப் பூங்காவுக்குப் படகு போகிறது. 1983-ல் அமைத்த பூங்கா. அடியில் கண்ணாடி பதித்த படகில் உட்கார்ந்தபடியே பவளப் பாறையையும் கலர் கலரான மீனையும் பார்க்கலாம். பிளாஸ்டிக் சாமான்களுக்கு அங்கே தடை.

ஹேவ்லாக் தீவில் (இப்போது ஸ்வராஜ் தீவு) பயிற்சியாளர் கையைப் பிடித்துக் கொண்டு கடலுக்குள் முக்குளிக்கலாம். ஆஸ்துமா, இருதயக் கோளாறு இருந்தால் மறைக்காதீங்க. முக்குளித்த அன்றைக்கே விமானம் ஏறக் கூடாது. இதே தீவில்தான் ராதாநகர் கடற்கரை. 2004-ல் "டைம்" பத்திரிகை ஆசியாவிலேயே சிறந்தது என்று புகழ்ந்த கடற்கரை. உட்கார்ந்து பார்க்கக் காசு இல்லை!

அமாவாசையை ஒட்டிய ராத்திரிகளில் சில இடங்களில் துடுப்பு போட்டால் தண்ணீர் நீலமாக மின்னும். நுண்ணுயிர்களின் வேலை அது.

நீல் தீவில் (ஷகீத் தீவு) அலை குடைந்த பாறைப் பாலம் உண்டு. கடல் வற்றும் நேரம் கேட்டுக் கொண்டு போங்க. சைக்கிளை வாடகைக்கு எடுத்துக் காய்கறித் தோட்டங்களுக்கு நடுவே சுற்றலாம்.

ஒரு எச்சரிக்கை. கழிமுகங்களில் முதலை உண்டு. 2010-ல் ஹேவ்லாக்கில் கடலில் இறங்கிய அமெரிக்கப் பெண் முதலைக்குப் பலியானார். எச்சரிக்கைப் பலகை இருந்தால் தண்ணீரில் கால் வைக்காதீங்க.

மனிதர்கள் காட்சிப் பொருள் அல்ல!

பாராட்டாங் சுண்ணாம்புக் குகைக்குப் போகும் ரோடு ஜாரவா பழங்குடியினர் வாழும் காடு வழியாகப் போகிறது. போலீஸ் காவலோடு வரிசையாகத்தான் வண்டிகளை விடுவார்கள். வழியில் நிறுத்தக் கூடாது. போட்டோ எடுக்கக் கூடாது. தின்பண்டம் கொடுக்கக் கூடாது. மீறினால் ஜெயில்தான். அது சுற்றிப் பார்க்கிற ஜெயில் அல்ல!

சாப்பாட்டைக் காட்டி அவர்களை ஆட வைத்த வீடியோ 2012-ல் வெளியாகி உலகமே காறித் துப்பியது. 1990-களின் கடைசி வரை வெளியாரை அண்ட விடாதவர்கள் அவர்கள். நமக்கு வந்து போகிற தட்டம்மை அவர்களுக்கு எமன். "ஜாரவாவைக் காட்டுகிறேன்" என்று எந்த ஏஜெண்டாவது ஆசை காட்டினால் அவரிடம் டிக்கெட் வாங்காதீங்க.

பவளத்தைப் பொறுக்கிப் பெட்டியில் போடுவதும் குற்றம். விமான நிலையச் சோதனையில் பிடித்து விடுவார்கள்.

டிசம்பரில் இருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். காற்றும் மழையும் வந்தால் படகுகள் ரத்தாகும். ஆகவே ஊர் திரும்பும் நாளுக்கு முந்தின நாளே போர்ட் பிளேர் வந்து சேருங்க. கடல் உங்க டிக்கெட்டைப் பார்க்காது!