இரத்தப்பழியும் நந்தா விளக்கும்

கொலைக்கு ஈடு கொடுக்கும் வழக்கம் என்றவுடன் நமக்குப் பண்டைய ஜெர்மானியரின் சட்டங்களே நினைவுக்கு வருகின்றன. கொலைக்கும்கூட ஆடுமாடுகள் ஈடாகக் கொடுக்கப்பட்டன என்றும், இறந்தவனின் வீட்டார் அனைவரும் அதை ஏற்றுப் பகை தீர்ந்தனர் என்றும் ரோம ஆசிரியர் டாசிட்டஸ் கி.பி. 98-இல் எழுதினார். கி.பி. 600-ஐ ஒட்டி, கென்ட் அரசன் எத்தெல்பெர்ட்டின் சட்டம் குடிமகன் ஒருவனின் உயிருக்கு 100 ஷில்லிங் விதித்தது.

இதையொத்த வழக்கம் நம் மண்ணிலும் இருந்தது. செய்யூரை உள்ளடக்கிய தொண்டை மண்டலம் சோழர் ஆட்சியில் சயங்கொண்ட சோழமண்டலம் எனப் பெயர் பெற்றது. இங்கும் அண்டையிலுள்ள நடுநாட்டிலும் காணப்படும் கல்வெட்டுகள் சில, வேட்டையில் விலங்கின்மேல் எய்த அம்பு மனிதன்மேல் பட்டு அவன் இறந்த நிகழ்ச்சிகளைக் கூறுகின்றன. நாட்டார் கூடி ஆராய்ந்து, கொல்லும் எண்ணம் இல்லாதிருந்தமையால் எய்தவன் சாக வேண்டுவதில்லை என்றும், இறந்தவன் பொருட்டுக் கோயிலில் நந்தா விளக்கு எரிக்க வேண்டும் என்றும் தீர்த்தனர். விளக்கொன்றுக்கு 96 ஆடுகள், நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் என்பது பெருவழக்கு. எண்ணிக்கை குறையாமல் காக்கப்பட்ட அவ்வாடுகள் ‘சாவா மூவாப் பேராடு’ எனப்பட்டன.

எண்ணத்தை ஆராய்ந்த இத்தீர்ப்பு, அடைக்கலப் பட்டணங்களைப் பற்றிய எண்ணாகமம் 35-ஆம் அதிகாரத்தை நினைவூட்டுகிறது. வேண்டுமென்றே கொன்றவனின் உயிருக்கு மீட்புப்பொருள் வாங்கலாகாது என்று அவ்வதிகாரம் விதிப்பதையும் நாம் மறத்தல் ஆகாது.

ஆயினும் வேறுபாடு ஒன்றுண்டு. ஜெர்மானியரிடையே ஈடு இறந்தவனின் வீட்டைச் சேர்ந்தது. இங்கு அது கோயிலைச் சேர்ந்தது. போரில் உயிர் நீத்தவரின் குடும்பத்தாருக்கு ‘உதிரப்பட்டி’ என்று நிலம் அளித்த நாட்டில், வேட்டையில் மாண்டவனின் மனைவி மக்கள் எவ்வாறு பிழைத்தனர்? விளக்கைப் பற்றிய கல்வெட்டு அதைச் சொல்வதில்லை.

எண்ணாகமம் 5-ஆம் அதிகாரம் வரிசையைத் தெளிவாக வகுக்கிறது. குற்றம் செய்தவன் தன்னால் இழப்புற்றவனுக்கே ஈடு செலுத்த வேண்டும். பெற்றுக்கொள்ள உறவினன் ஒருவனும் இல்லாவிடில் மட்டுமே அது கர்த்தருக்கென்று ஆசாரியனைச் சேரும். முதலில் அயலான், பின்பே ஆலயம்.

இது ஆயர்களாகிய நமக்குப் பழங்கதை அன்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தன் வாகனத்தால் ஓர் உயிர் போகக் காரணமானவர், மனம் நொந்து காணிக்கையுடன் நம்மிடம் வரக்கூடும். இழப்பீட்டைத் தீர்ப்பாயம் வகுக்கும். பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனம் செலுத்தும். அதனால் இரு வீட்டாரும் ஒருவரையொருவர் காணாமலே வழக்கு முடிந்துவிடலாம். அவருக்காக ஜெபிப்பது நம் கடமையே. ஆனால் காணிக்கையைப் பெறுமுன், “அந்த வீட்டுக்குப் போனீர்களா?” என்று கேட்போமாக. போகத் துணிவில்லை என்பாராயின், அவ்வீட்டார் சம்மதம் பெற்று, நாமும் உடன் செல்வோமாக.