தூளியிலிருந்து வேன் வரை

மதுரை மாவட்டம் எழுமலையைச் சுற்றிய மானாவாரிக் காடுகளில் மழை பெய்தால்தான் வெள்ளாமை. பருத்தி, சோளம், குதிரைவாலி எல்லாமே வானத்தை நம்பித்தான். அந்தக் காலத்தில் களையெடுக்கப் போன தாய் வேப்பங்கிளையில் தூளி கட்டிப் பிள்ளையைப் போடுவாள். அழுதால் ஓடிவந்து பால் கொடுப்பாள். அழுது ஓய்ந்து தூங்கிவிட்டால் அதுவும் இல்லை. நிலம் வைத்திருந்தவர் வீட்டில் கறவை மாடு இருந்தது. கூலிக்காரர் பிள்ளைக்கு நீராகாரமும் கம்மங்கூழும். ஐந்து வயதில் இரண்டும் ஒரே பள்ளிக்கூடத்தில் உட்காரும்போது யார் எந்த வீடு என்று கேட்க வேண்டியதில்லை, உயரமே சொல்லிவிடும்.

பெண்ணாகப் பிறந்தால் தூளிகூட நிச்சயமில்லை. 1986இல் இந்தியா டுடே உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் சிசுக்கொலையை எழுதியபின் ஊர்ப்பெயரே வசவாகிப் போனது. கள்ளிப்பாலைப் பற்றிப் பேசிய அளவுக்கு வரதட்சணையையும் வறட்சியையும் யாரும் பேசவில்லை என்பது என் வருத்தம். வேண்டாமென்ற பெண் குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுவிடலாம் என்று சேலத்தில் 1992இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் மதுரைக்கு வந்தது 2001இல்தான்.

இதே மதுரை மாவட்டத்தில்தான் அதற்கு முன்பே அருமையான காரியம் ஒன்றும் நடந்தது. அதை யாரும் அவ்வளவாக நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. 1980இல் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில், உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதாமாதம் தராசில் நிறுத்துப் பார்த்தார்கள். எடை ஏறாமல் நின்றுபோன பிள்ளைக்கு மட்டும் குறைந்தது 90 நாள் சத்துருண்டை, தேறியதும் நிறுத்தம். பிள்ளை கெடுவது மூன்று வயதுக்குள் என்பதைப் புரிந்துகொண்ட திட்டம் அது. 1982இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு இரண்டு வயதில்தான் தொடங்கியது. அதன் வீச்சு பெரிது, புகழும் பெரிது.

இன்று ஜனங்கள் பால்வாடி என்றே சொல்லும் அங்கன்வாடியில் கலவை சாதமும் முட்டையும் உண்டு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாட்டில் 35.5 சதவீதம், தமிழ்நாட்டில் 25. கூழ்ப்பானைக் காலத்தைப் பார்த்தவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. ஆனாலும் அதே கணக்கில் இங்கே 57 சதவீதப் பிள்ளைகளுக்கு ரத்தசோகை.

ஏற்றத்தாழ்வு போகவில்லை, வேனில் ஏறிக்கொண்டது. கொஞ்சம் தேறியவர் வீட்டு மூன்று வயசுப் பிள்ளை டை கட்டி மெட்ரிக் பள்ளி வேனுக்குக் காத்து நிற்கிறது. கூலிக்காரர் பிள்ளை பால்வாடிக்குப் போகிறது. முன்பு தட்டுதான் வேறு, உட்காரும் இடம் ஒன்று. இப்போது இடமே வேறு. 2019இல் அரசு நடுநிலைப்பள்ளி வளாக அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி. தொடங்கியபோது, மாநிலம் முழுமைக்கும் கிடைத்தது 2,381 மையம். தனியார் பள்ளிகளில் கல்வி உரிமைச் சட்டம் தரும் 25 சதவீத ஒதுக்கீடோ, ஏழைப் பிள்ளையையும் அரசு செலவில் அந்த வேனிலேயே ஏற்றிவிடுகிறது.

இன்று பால்வாடி, வேன் இரண்டிலும் சேராத வயது ஒன்று உண்டு: ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை. சத்துமாவுப் பொட்டலம் வீட்டுக்கு வருகிறது. அதை யார் கரைத்து ஊட்டுவது? தாய் வேலைக்குப் போக, கண் மங்கிய அப்பத்தாவிடம் பிள்ளை. வேலைத்தளத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேர் இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ளவே ஒரு பெண்ணுக்குக் கூலி கொடுத்து அமர்த்த வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டம் சொன்னது. நாட்டில் பெரும்பாலான இடங்களில் அது ஏட்டோடு நின்றது.