தீபாவளிக்கு விடுமுறை கட்டாயமா? ஊழியர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

பூச்சோங் – தீபாவளி நெருங்கினால் போதும், இங்குள்ள உணவகங்களிலும் பேரங்காடிகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் நம்மவர்களிடையே ஒரே பேச்சுதான்: “உங்க கம்பெனியில லீவு உண்டா?” சிலருக்கு உண்டு. சிலருக்கு இல்லை. இல்லை என்றதும், “தீபாவளிக்கே லீவு கொடுக்கவில்லை, இது சட்ட விரோதம்” என்று பலர் கொதிக்கிறார்கள்.

உண்மை என்ன? தனியார் துறையில் தீபாவளி விடுமுறையைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. கேட்கக் கசப்பாக இருந்தாலும், இதைத் தெரிந்து வைத்திருந்தால்தான் உரிய நேரத்தில் உரியதைக் கேட்டு வாங்க முடியும்.

ஐந்து கட்டாயம், ஆறு முதலாளியின் தேர்வு

தீபகற்ப மலேசியாவுக்கும் லாபுவானுக்கும் உரியது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். அதன் 60டி பிரிவின்படி, ஓர் ஊழியருக்கு ஆண்டுக்கு 11 பொது விடுமுறைகள் சம்பளத்துடன் கிடைக்க வேண்டும். அவற்றில் ஐந்தை யாரும் மாற்ற முடியாது: தேசிய தினம், மாமன்னரின் பிறந்தநாள், மாநில ஆட்சியாளரின் பிறந்தநாள் அல்லது கூட்டரசுப் பிரதேச தினம், தொழிலாளர் தினம், மலேசிய தினம்.

மற்ற ஆறு நாள்களை, அரசு அறிவித்த ஏனைய விடுமுறைகளிலிருந்து முதலாளி தேர்ந்தெடுக்கலாம். தீபாவளி, தைப்பூசம், சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் எல்லாம் இந்தப் பட்டியலில்தான் வருகின்றன. தேர்ந்தெடுத்த ஆறு நாள்களையும் புத்தாண்டு பிறக்கும் முன்பே வேலையிடத்தில் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டிவிட வேண்டும். ஆகவே தீபாவளி பற்றிய கேள்வியை அக்டோபரில் கேட்டால் காலம் கடந்துவிடும். முந்தைய ஆண்டு டிசம்பரிலேயே கேட்க வேண்டும்.

பட்டியலில் தீபாவளி இல்லையா? அதற்கும் வழி உண்டு. முதலாளியும் ஊழியரும் ஒப்புக்கொண்டால், அந்த ஆறில் ஒரு நாளை வேறொரு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம். உதாரணத்திற்கு, சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள் வேலைக்கு வந்து, அதற்குப் பதில் தீபாவளியன்று வீட்டில் இருக்கலாம். பல இனத்தவரும் வேலை செய்யும் இடங்களில் இது இரு தரப்புக்கும் வசதி. வாய்ப்பேச்சோடு விட்டுவிடாமல் ஒரு வரியாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த மாற்று ஏற்பாடு அந்த ஐந்து கட்டாய நாள்களுக்குப் பொருந்தாது.

வீடு பூச்சோங், வேலை கோலாலம்பூர்

பூச்சோங் சிலாங்கூரில் இருக்கிறது. ஆனால் இங்கிருந்து தினமும் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். அவர்களுக்கு டிசம்பர் 11, சிலாங்கூர் சுல்தானின் பிறந்தநாளா, பிப்ரவரி 1, கூட்டரசுப் பிரதேச தினமா? எந்த இடத்தில் பெரும்பாலும் வேலை செய்கிறீர்களோ, அதுதான் கணக்கு. வீட்டு முகவரி கணக்கில் வராது.

ஓய்வு நாளில் விடுமுறை வந்தால்

2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு உங்கள் ஓய்வு நாளாகவும், தீபாவளி உங்கள் நிறுவனத்தின் பட்டியலில் உள்ளதாகவும் இருந்தால், அடுத்த வேலை நாளான திங்கள் உங்களுக்குச் சம்பளத்துடன் கூடிய விடுமுறை. ஆனால் கடைகளிலும் உணவகங்களிலும் பலருக்கு ஓய்வு நாள் புதனாகவோ வியாழனாகவோ இருக்கும். அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையே விடுமுறை; திங்கள் கிடைக்காது. நோய் விடுப்பிலோ ஆண்டு விடுப்பிலோ இருக்கும்போது பொது விடுமுறை வந்தால், அதற்குப் பதிலாக வேறொரு நாள் கொடுக்க வேண்டும்.

வேலைக்குக் கூப்பிட்டால் எவ்வளவு?

பொது விடுமுறையன்று வேலைக்கு வரச்சொல்ல முதலாளிக்கு அதிகாரம் உண்டு. ஆனால் வழக்கமான விடுமுறைச் சம்பளத்துக்கு மேல் இரண்டு நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். அன்று பாதி நாள்தான் வேலை செய்தாலும் இரண்டு நாள் சம்பளம்தான்.

கணக்கு எளிது. மாதச் சம்பளம் 2,600 ரிங்கிட் என்றால், 26ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 100 ரிங்கிட். விடுமுறையன்று வேலை செய்தால் மாதச் சம்பளத்துக்கு மேல் 200 ரிங்கிட் வர வேண்டும். ஒரு நாளுக்கு 8 மணி நேர வேலை என்றால், ஒரு மணிக்கு 12.50 ரிங்கிட். அன்று 8 மணி நேரத்துக்கு மேல் செய்யும் ஒவ்வொரு மணிக்கும் மூன்று மடங்கு, அதாவது 37.50 ரிங்கிட். “டபுள் பே” என்று சொல்லி 100 ரிங்கிட் மட்டும் சேர்த்துக் கொடுத்தால், உங்களுக்கு 100 ரிங்கிட் குறைகிறது. சம்பளச் சீட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

2023 ஜனவரி முதல் இந்தச் சட்டம் எல்லாச் சம்பள நிலையினருக்கும் பொருந்துகிறது. எனினும் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் சம்பளம் வாங்குவோருக்கு விடுமுறை உண்டே தவிர, இந்தக் கூடுதல் சம்பளத்தைச் சட்டப்படி கோர முடியாது; அவர்கள் வேலை ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். உடல் உழைப்பு வேலை செய்வோருக்கு இந்த 4,000 ரிங்கிட் வரம்பு இல்லை. அந்நியத் தொழிலாளர்களுக்கும் இதே உரிமைகள்தாம். வீட்டுப் பணியாளர்களுக்கு மட்டும் 60டி பிரிவு பொருந்தாது.

நம் பக்கமும் கவனம் தேவை

விடுமுறைக்கு முந்தைய வேலை நாளிலோ அடுத்த வேலை நாளிலோ முன் அனுமதியும் தகுந்த காரணமும் இல்லாமல் வராமல் இருந்தால், விடுமுறைச் சம்பளத்தை இழக்க நேரிடும். தீபாவளிக்கு மறுநாள் சொல்லாமல் நின்றுவிட்டுப் பிறகு சம்பளத்தில் கைவைத்தார்கள் என்று சொல்லிப் பயனில்லை.

“நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே” என்று ஒப்பந்தத்தைக் காட்டினால் பயப்பட வேண்டாம். சட்டம் தருவதைவிடக் குறைவாகத் தரும் ஒப்பந்த விதி செல்லாது. முதலில் நிர்வாகத்திடம் பேசுங்கள். தீரவில்லை என்றால், வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, வேலை அட்டவணை ஆகியவற்றுடன் மனிதவள அமைச்சின் கீழுள்ள தொழிலாளர் துறையில் புகார் செய்யலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

நாளை வேலைக்குப் போனதும் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். ஆறு நாள்களின் பட்டியல் இருக்கிறதா, அதில் தீபாவளி இருக்கிறதா? இல்லையென்றால் இப்போதே கேளுங்கள்.